நீந்து, மிதி, ஓடு... நடுவில் தூங்கு!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவர் ஒருவர் எழுதியது)



"நேரமே இல்லைடா" என்று சொல்லாத மாணவன் நம் கல்லூரியில் ஒருவன்கூட இருக்க மாட்டான். காலையில் பஸ், பகலில் தியரி, மாலையில் ஒர்க்ஷாப், இரவில் ரெக்கார்டு நோட்டு. இதற்கிடையில் நம்மில் பலர் வேலைக்கும் போகிறோம். நான் அப்பாவின் சைக்கிள் கடையில் மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை பஞ்சர் ஒட்டுகிறேன், வீல் பெண்டு எடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனால் "எப்படி நேரம் ஒதுக்கிப் படிப்பது?" என்று வீட்டில் யாரிடமும் கேட்க வழியில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னது ஒரு விளையாட்டு. அதன் பெயர் டிரையத்லான். ஓய்வில்லாத வேலையில் இருக்கும் ஒரு டாக்டர், தன் முதல் டிரையத்லான் போட்டிக்கு எப்படித் தயாராகலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். டாக்டருக்கும் டிப்ளமோ மாணவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருவருக்கும் ஒரே நோய்தான்: நேரமின்மை. மருந்தும் ஒன்றாகவே இருக்கிறது.

டிரையத்லான் என்றால் என்ன?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிப்பதே டிரையத்லான். தமிழில் முப்போட்டி எனலாம். 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், மிஷன் பே என்ற இடத்தில் இந்தப் பெயரில் ஒரு போட்டி நடந்தது. கலந்துகொண்டவர்கள் 46 பேர். அவர்களில் ஒருவரான ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, பிறகு ஹவாய்த் தீவுகளில் இதைவிடப் பன்மடங்கு கடினமான ஒரு போட்டிக்கு வித்திட்டார். அதுதான் 1978 பிப்ரவரியில் தொடங்கிய அயர்ன்மேன். ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், முடிவில் முழு மாரத்தான். முதல் ஆண்டில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள்.

2000-ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக் விளையாட்டானது. ஒலிம்பிக் தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பாதிதான் ஸ்பிரிண்ட் எனப்படும் தூரம்: 750 மீட்டர், 20 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர். முதன்முதலாக இறங்குபவர்களுக்கு ஏற்றது இதுவே. நம் நாட்டிலும் 2019 அக்டோபரில் கோவாவில் பாதி அயர்ன்மேன் போட்டி நடந்தபிறகு இந்த விளையாட்டின் பெயர் பலர் காதில் விழுந்தது.

நீச்சல் ஏன் முதலில் வருகிறது? சைக்கிளில் களைத்தவன் ஓரமாக நிற்கலாம், ஓட்டத்தில் களைத்தவன் உட்காரலாம். தண்ணீரில் களைத்தவன் என்ன செய்வான்? எனவே ஆபத்து அதிகமானதைத் தெம்பாக இருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள்.

கடைக்கு வந்த டாக்டர்

எங்கள் கடைக்கு ஒரு நாள் ஒரு பெண் டாக்டர் பழைய கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவில் மேல்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர். என் அப்பா, "என்ன டாக்டரம்மா, கார் வாங்குற நேரத்துல பழைய சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். "போட்டிக்குப் போறேன்ணே. பிரேக் கட்டை ரெண்டும் மாத்திருங்க" என்றார் அவர். அன்றிலிருந்து அவர் எனக்கு டாக்டரக்கா.

அவர் வேலையைக் கேட்டால் நமக்கே மூச்சு வாங்கும். காலை ஏழரைக்கு வார்டு, பிறகு ஓ.பி. அல்லது தியேட்டர். வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் நாள். அன்று 24 மணி நேரம் டியூட்டி, மறுநாள் மதியம்வரை அது நீளும். நடுவில் தேர்வுக்கும் படிக்க வேண்டும். இத்தனைக்கும் அவருக்கு அப்போது நீச்சலும் தெரியாது!

"எப்படிக்கா நேரம் கிடைக்குது?" என்று கேட்டேன். "நேரம் கிடைக்காது தம்பி. இருக்குற அரை மணி நேரத்துக்கு எது பத்துமோ அதைத்தான் செய்யணும். ரோஜர் பானிஸ்டரைப் படிச்சுப் பாரு" என்றார். படித்தேன்.

அரை மணி நேர வீரர்

ரோஜர் பானிஸ்டர் இங்கிலாந்துக்காரர். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் மருத்துவ மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். பதக்கம் இல்லை. எதிர்பாராமல் ஒரு சுற்று கூடுதலாகச் சேர்க்கப்பட்டு, அடுத்தடுத்த நாட்களில் ஓட வேண்டி வந்தது. குறைந்த பயிற்சி எடுத்த உடலுக்கு அது பாரமாகிவிட்டது. அதோடு விட்டுவிடாமல், படிப்பு முடியும்வரை இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓடுவது என்று முடிவு செய்தார்.

அவருக்குப் பயிற்சிக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டு இடைவேளையை ஒட்டிய அரை மணி நேரம்தான். அதில் அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். 440 கெஜம், அதாவது சுமார் 400 மீட்டர் வேகமாக ஓடுவது, இரண்டு நிமிடம் ஆசுவாசம், மறுபடி ஓடுவது. இப்படிப் பத்து முறை. நாமே கணக்குப் போடலாம். ஓட்டம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் வீதம் பத்து நிமிடம், நடுவே ஒன்பது இடைவெளிகளுக்குப் பதினெட்டு நிமிடம், மொத்தம் 28 நிமிடம். அரை மணிக்குள் வேலை முடிந்தது!

வாரக்கணக்கில் பயிற்சி செய்து, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் 61 விநாடிக்குக் கொண்டுவந்தார். அதற்குக் கீழே இறங்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியை இரண்டு மடங்காக்கவில்லை. அதை நிறுத்திவிட்டு, நண்பரோடு சில நாட்கள் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். திரும்பி வந்து ஓடியபோது 59 விநாடி!

1954 மே 6. காலையில் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்த ஆய்வுக்கூடச் சாணைக்கல்லில் தன் காலணி ஆணிகளைத் தீட்டி, மண் ஒட்டாமலிருக்க கிராஃபைட் தடவிக்கொண்டார். மெக்கானிக்கல் மாணவர்களே, கிரைண்டிங் வீலும் கிராஃபைட்டும் இந்தச் சாதனையில் இருக்கின்றன என்பதை மறவாதீர்கள்! பிறகு ரயிலேறி ஆக்ஸ்போர்டு போய், மாலையில் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர் என்று பெயர் பெற்றார். முன்னால் ஓடி வேகம் வகுத்துக் கொடுத்த பிராஷர், சாட்டவே என்ற நண்பர்கள் இருவருக்கும் இதில் பங்குண்டு.

அதே ஆண்டு இறுதியில் போட்டி ஓட்டத்தை விட்டு மருத்துவத்துக்கே திரும்பினார். நரம்பியல் மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றி, 2018-இல் 88 வயதில் மறைந்தார். நம் காலத்தில் இங்கிலாந்தின் லூசி காசேஜ் என்ற புற்றுநோய் மருத்துவர் அயர்ன்மேன் போட்டிகளில் பலமுறை வென்றிருக்கிறார். ஆக, வேலையும் விளையாட்டும் ஒரே உடலில் குடியிருக்க முடியாது என்ற பேச்சு செல்லாது.

டாக்டரக்காவின் வாரம்

டாக்டரக்கா முதலில் தன் உடலைப் பரிசோதித்துக்கொண்டார். பிறகு மாவட்ட விளையாட்டரங்கக் குளத்தில் பெண்கள் நேரத்தில் சேர்ந்து நீச்சல் கற்றார். 25 மீட்டர் நீந்தினால் மூச்சு வாங்கும் நிலையிலிருந்து 750 மீட்டருக்கு வர ஐந்து மாதம் பிடித்தது. அவருடைய வாராந்திர அட்டவணையை அனுமதியோடு இங்கே தருகிறேன்.

திங்கள்: நீச்சல் 45 நிமிடம்.
செவ்வாய்: ஓட்டம் 30 நிமிடம். பானிஸ்டர் பாணியில் வேகமும் ஆசுவாசமும்.
புதன்: அட்மிஷன் நாள். பயிற்சி இல்லை.
வியாழன்: டியூட்டி முடிந்து தூக்கம். பயிற்சி இல்லை.
வெள்ளி: நீச்சல் 45 நிமிடம்.
சனி: மெதுவான ஓட்டம் 30 நிமிடம்.
ஞாயிறு: சைக்கிள் 90 நிமிடம், இறங்கியவுடன் ஓட்டம் 10 நிமிடம்.

கூட்டினால் 250 நிமிடம், அதாவது 4 மணி 10 நிமிடம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. அதில் இது இரண்டரை சதவீதம்கூட இல்லை!

ஞாயிற்றுக்கிழமையின் அந்தப் பத்து நிமிட ஓட்டத்துக்கு பிரிக் என்று பெயர். ஒன்றரை மணி நேரம் மிதித்த கால், இறங்கியதும் செங்கல்லைக் கட்டியதுபோல் கனக்கும். கால் தசைகள் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு வாரம் பத்து நிமிடம் போதும் என்கிறார்.

தூரத்தை ஒரேயடியாக அவர் கூட்டவில்லை. வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பயிற்சியாளர்கள் பலரும் சொல்லும் வழக்கம். நாலு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டார்.

நம் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது?

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. அதனால் நீச்சலில் கையைக் காலை அடித்துப் பலத்தைக் காட்டுவதைவிட, உடலை ஈட்டிபோல் நேராக வைத்து எதிர்ப்பைக் குறைப்பதே லாபம். தலையைத் தூக்கினால் கால் தாழும், கால் தாழ்ந்தால் எதிர்ப்பு கூடும்.

சைக்கிளில் எதிரி காற்று. அதன் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் பவரோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 25-க்குப் போனால் 20 கிலோமீட்டர் தூரத்தில் 12 நிமிடம் மிச்சமாகும். ஆனால் காற்றுக்காகச் செலவாகும் பவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தச் செலவை ஓட்டத்தில் கால் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் போட்டியில் குனிந்து, நிதானமாக மிதிப்பவனே புத்திசாலி.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா? வேண்டாம். முன்னால் 44 பல், பின்னால் பிரீ வீலில் 18 பல் உள்ள 28 அங்குல சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கிலோமீட்டரை நெருங்கிவிடலாம். பிரேக் பிடிக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், தலையில் ஹெல்மெட் கட்டாயம். அவ்வளவுதான்.

இரும்பும் தசையும்

இதுதான் இக்கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் ஃபட்டீக் என்று படிக்கிறோம். ஒரே பளு திரும்பத் திரும்ப விழுந்தால், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தோன்றி வளர்ந்து, ஒரு நாள் பட்டென்று முறியும். எங்கள் கடைக்கு முறிந்து வரும் ஆக்சிலைப் பார்த்தாலே தெரியும். விரிசல் மெல்ல வளர்ந்த பகுதி வழவழப்பாகவும், கடைசியில் முறிந்த பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். இரும்புக்கு நீங்கள் பத்து நாள் லீவு கொடுத்தாலும் அந்த விரிசல் மூடாது.

தசை அப்படியில்லை. பயிற்சியின்போது அது களைத்து, நுண்ணிய சேதம் அடைகிறது. ஓய்வில் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு, முன்பைவிடப் பலமாகிறது. அதாவது பயிற்சி என்பது ஆர்டர் கொடுப்பது மட்டும்தான், சரக்கு தயாராவது ஓய்வில். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பதும் ஆழ்ந்த தூக்கத்தில்தான். படித்த பாடம் மனதில் பதிவதற்கும் தூக்கம் துணை செய்கிறது. எனவே தூக்கத்தைத் திருடிப் பயிற்சி செய்பவன் ஆர்டரைக் கொடுத்துவிட்டு பேக்டரியைப் பூட்டுகிறான்.

1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்குச் சரிகிறது என்பதே அது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம் மட்டுமே. நைட் டியூட்டி முடித்த டாக்டர் நேராக சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா? டாக்டரக்காவின் வியாழக்கிழமை காலியாக இருப்பதன் காரணம் இதுதான். "அது லீவு இல்ல தம்பி, அதுவும் டிரெயினிங்தான்" என்பார்.

இதே கணக்கு நமக்கும் பொருந்தும். இரவெல்லாம் விழித்துவிட்டு லேத் முன்னால் நிற்பவன், நாலு சொட்டுச் சாராயம் குடிக்காமலே போதையில் நிற்கிறான்.

போட்டி நாள்

டாக்டரக்கா முதலில் பெயர் கொடுத்த போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. உடன் வேலை பார்த்தவருக்கு டெங்கு காய்ச்சல். அவருடைய டியூட்டியை இவர் ஏற்றுக்கொண்டார். கட்டிய பணம் போயிற்று. அடுத்த வாரம் முகம் வாடி கடைக்கு வந்தபோது என் அப்பா, "அடிச்ச காத்து எங்கம்மா போவும்? ட்யூப்லதான இருக்கு. பஞ்சராகாம பாத்துக்கங்க, போதும்" என்றார். ஏழாம் வகுப்போடு நின்ற என் அப்பா சொன்னது விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் ஒத்துவருகிறது. பயிற்சியின் அளவைக் குறைத்தாலும் வேகத்தை விடாமல் வைத்திருந்தால், சில வாரங்களுக்கு உடல்திறன் பெரிதாகக் குறையாது.

இரண்டு மாதம் கழித்து, கடற்கரையோரம் நடந்த இன்னொரு போட்டியில் இறங்கினார். நீச்சல் 24 நிமிடம், சைக்கிள் 52 நிமிடம், ஓட்டம் 34 நிமிடம். கூட்டினால் 110 நிமிடம்தான் வருகிறது. ஆனால் அவருடைய நேரம் 1 மணி 58 நிமிடம். மீதி 8 நிமிடம் எங்கே போயிற்று? ஈரத்தைத் துடைத்து, ஷூ மாட்டி, சைக்கிளைத் தொடும் முன்பே ஹெல்மெட் வாரைப் பூட்டி, பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் வைத்து ஓடத் தொடங்கும் இடைவெளிகள் அவை. இதை டிரான்ஸிஷன் என்பார்கள். அப்போதும் கடிகாரம் நிற்காது. அதனால்தான் இதை நாலாவது விளையாட்டு என்றே சொல்கிறார்கள். துண்டு எங்கே, ஷூ எங்கே என்று முன்கூட்டியே வரிசையாக வைத்தவன் அதில் ஜெயிக்கிறான்.

அவர் முதல் பரிசு வாங்கவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வார்டில் இருந்தார். நோயாளிகள் யாருக்கும் விஷயம் தெரியாது.

நமக்கு என்ன பாடம்?

என்னோடு முதலாண்டில் சேர்ந்த ஒரு நண்பன் இரவு வேலைக்குப் போய்க்கொண்டே படித்தான். தினம் நாலு மணி நேரத் தூக்கம். மூன்றாவது செமஸ்டரோடு நின்றுவிட்டான். அவன் சோம்பேறி இல்லை, எங்களில் அதிகம் உழைத்தவன் அவன்தான். உழைப்பு குறைந்ததால் அவன் நிற்கவில்லை, ஓய்வு குறைந்ததால் நின்றான். அவனிடம் யாரும் "தூங்குடா, அதுவும் படிப்புதான்" என்று சொல்லவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நமக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆகவே நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த ஆண்டு நாங்கள் ஆறு பேர் பானிஸ்டரைப் பின்பற்றினோம். மதிய இடைவேளையில் சாப்பாடு முடிந்ததும், டிராயிங் ஹாலில் அரை மணி நேரம் கணக்கு மட்டும் போட்டோம். ஒரு கணக்கு, இரண்டு நிமிடப் பேச்சு, மறுபடி ஒரு கணக்கு. இரவு பத்தரைக்குமேல் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று ஒப்பந்தம். அந்த ஆறு பேரில் நாலு பேர் கணக்கு அரியரை முடித்துவிட்டார்கள். மற்ற இருவரும் அடுத்த முறை எழுதுகிறார்கள்.

டாக்டரின் பயிற்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை நான்கு. ஒன்று, கிடைக்கிற அரை மணி நேரத்தை ஒரே வேலைக்கு முழுமையாகக் கொடுப்பது. இரண்டு, சிறிது சிறிதாகக் கூட்டுவது. மூன்று, கடையிலிருந்து புத்தகத்துக்கு, பஸ்ஸிலிருந்து வகுப்புக்கு என மாறும் இடைவெளியில் நேரம் கசியாமல் முன்கூட்டியே எடுத்து வைப்பது. நான்கு, தூக்கத்தை அட்டவணையில் முதல் வரியாக எழுதுவது.

வரும் கல்வியாண்டில் நம் மாணவர் மன்றம் ஒவ்வொரு துறையிலும் இதுபோன்ற மதிய அரை மணி நேரப் படிப்புக் குழு ஒன்றை ஏற்படுத்த வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். செலவு எதுவும் இல்லை, டிராயிங் ஹால் சாவி மட்டும் வேண்டும். வேலைக்குப் போகும் மாணவர்களின் பெயரை முதலில் சேர்ப்போம். மூன்றாவது செமஸ்டரோடு இனி யாரும் நின்றுவிடாமல், ஆறாவது செமஸ்டர் என்ற எல்லைக் கோட்டை எல்லோரும் தாண்டுவோம்.